அறுபடாத கம்பி

ஹலோ... ஹலோ, ஆமா, தூண்டில் கடைதான்... யாரு, மாப்பிள்ளையா? சத்தமா பேசுங்க, ஒரே காத்தா கேக்குது... ஆங், இப்பக் கேக்குது. படகு பாறைக்குப் போய்ச் சேந்தாச்சா?... எப்ப, ஏழு மணிக்கேவா? இப்ப பத்து அஞ்சு ஆகுது. மூணு மணி நேரமா என்ன பண்றீங்க, கடலுக்குச் சட்டை அளவு எடுக்குறீங்களா?

... சரி சரி, கோவிச்சுக்காதீங்க. டெய்லர் மாப்பிள்ளைய கேலி பண்ணாம யாரப் பண்றது? எத்தனை மீனு?... ஒண்ணுகூட இல்லையா?... மூணு தூண்டில் முள்ளு போச்சா! பாறைல மாட்டிப் போச்சா, கடிச்சிட்டுப் போச்சா?... தூண்டில் நரம்பு நறுக்குனு... ஆமா, ஆமா, அது வஞ்சிரம்தான். அங்கதான் இருக்கு. உங்க கத்திரிக்கோல விட அதோட பல்லு கூரு. முள்ளுக்கு மேல கம்பி போட்டீங்களா?... ஏன் போடல? நேத்து ராத்திரி வரைக்கும் தொண்ட கிழியச் சொன்னேனே! முள்ளுக்கு மேல ஒரு ஜாண் கம்பி, அதுக்கு மேலதான் நரம்பு. பாறைகிட்ட எது அறுபடக் கூடாதுன்னு நெனைக்கிறீங்களோ அதுக்குக் கம்பி போடணும்னு எத்தனை தடவ...

... அதான், அதேதான். மெலிசுக் கம்பி. அந்தத் தடிக் கம்பிய எடுத்துடாதீங்க. போன வாரம் ரெண்டு நுனியிலயும் வளையம் மடிச்சு, குழாய் போட்டு நசுக்கிக் குடுத்தேனே, அது. அதப் பாத்தா மீனு ஓடிப் போயிடும், அது சுறா கட்டற சாமான்... ஓ, அது வேற வேலைக்கா? என்ன வேலை?... சரி, வந்து சொல்லுங்க. பெரிய ரகசியம்.

இரை என்ன போட்டீங்க?... மத்திதானே. முழுசாவா, துண்டாவா?... முழுசுதான் போடணும். மூணு முள்ளு கோத்த சங்கிலி இருக்குல்ல, முத முள்ளு கண்ணுல, நடு முள்ளு வயித்துல, கடைசி முள்ளு வால் பக்கம். மீனு நேரா, நீட்டமா நிக்கணும். வளைஞ்சிருந்தா தண்ணில பம்பரமா சுத்தும், வஞ்சிரம் கிட்டயே வராது... ஆமா. நறுக்கின துண்டு தூவுறீங்களா?... எவ்வளவு?... ஐயய்யோ, அரை வாளியா! கடலுக்கே விருந்து வெச்சீங்களா? வயிறு நெறைஞ்சவன் முள்ளக் கடிக்க வருவானா? கைப்பிடி, மாப்ள, ஒரு கைப்பிடி. கொஞ்சம் விட்டு இன்னொரு கைப்பிடி.

... சின்னவளா? இங்கதான் இருக்கா, என் எதுத்தாப்புல உக்காந்து முள்ளு கோத்துக்கிட்டு இருக்கா. உங்க பொண்டாட்டி என்ன சொல்றா தெரியுமா? இந்தத் தடவையாவது செவுள்ல ஐஸ் ஒட்டாத மீனா வருமான்னு கேக்குறா... ஹா ஹா... சும்மா சொல்றாங்க, மாப்ள, கடைல வாங்கின மீன புடிச்சேன்னு ஒரு தடவ கொண்டுவந்தா, அத சாகற வரைக்கும் சொல்லிக் காட்டத்தான் செய்வாங்க... மீனில்லாம கரையேற மாட்டீங்களா? ஏய் சின்னவளே, கேட்டியா, உன் ஆளு மீனில்லாம கரையேற மாட்டாராம். சபதம்!

சரி, பலூன் விட்டீங்களா?... காலைல ஆறு மணிக்குக் கடையத் திறக்க வெச்சு வாங்கிட்டுப் போனீங்களே, அத ஊதுங்க. ஒரு முஷ்டி அளவு போதும். நரம்புல லேசா முடிச்சுப் போடுங்க, மீனு இழுத்தா முடிச்சு தானா நழுவிப் போயிடணும். இரை ஒரு ஆள் ஆழத்துல தொங்கட்டும்... சரி. ஊதி முடிச்சிட்டு விடுங்க. ரீல் பிரேக்கு லூசா இருக்கட்டும்... நான் இருக்கேன், இருக்கேன். விடுங்க.

... ம்... போகுதா? எந்தப் பக்கம் போகுது?... முன்னாடியா? படகு மூக்குக்கு முன்னாடியா?... அதெப்படி முன்னாடி போகும்? நங்கூரம் முன்னாடி கட்டினா படகு நீரோட்டத்தப் பாத்து நிக்கும், இரை பின்னாடிதானே போகணும்?...

... என்னது?

... பின்னாடியா கட்டினீங்க? ஏன்?... நான் சொன்னேனா? நான் எப்பச் சொன்னேன்?... ஆமா, நரம்பு இஞ்சின் காத்தாடில சுத்திக்கும், பாத்துக்கங்கன்னு சொன்னேன். அதுக்காக நங்கூரத்தப் பின்னாடி கட்டி, படகையே திருப்பி வெக்கச் சொன்னேனா? அலை பின்பக்கமா ஏறாதா?... கடல் கண்ணாடி மாதிரி இருக்கா. சரி. நல்லது. கண்ணாடி மாதிரியே இருக்கட்டும்.

... என்ன, சீட்டு நனைஞ்சு போச்சா? எப்படி நனைஞ்சது, கண்ணாடி மாதிரி இருக்குன்னீங்க?... இரை மாத்தறப்ப. சரி... ஒவ்வொரு தடவ இரை மாத்தறப்பவுமா? நீங்க எத்தனை நேரத்துக்கு ஒரு தடவ மாத்தறீங்க?... ஆமா, அரை மணின்னுதான் சொன்னேன். போன்ல அலாரம் வெச்சா மாத்தறீங்க?... ஒம்பது மணிக்கு என்ன ஆச்சு?... பாதம் நனைஞ்சுது. ஒம்பதரைக்கு?... கணுக்கால். அப்ப, பத்துக்கு?

... முட்டியா?

... இல்ல, மாப்ள, சிரிக்காதீங்க. மீனு தண்ணி தெளிக்கல. கொஞ்சம் பொறுங்க. படகோட பின்பக்க விளிம்பு தண்ணிக்கு மேல எவ்வளவு உயரம் இருக்கு, குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க... பாருங்க முதல்ல... நாலு விரலா? காலைல எவ்வளவு இருந்துச்சு?... ஒரு முழம். காலைல ஒரு முழம், இப்ப நாலு விரல்.

ஏய் சின்னவளே, பின்னாடி குடோன்ல நீலப் பெட்டி ஒண்ணு இருக்கும், எடுத்துட்டு வா... இப்பவேதான்... ஆமா, அவருக்குத்தான், பெரிய முள்ளு வேணுமாம். நல்லாத் தேடு, கீழ் அடுக்குல இருக்கும். போ.

... மாப்ள. கேளுங்க. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. உங்க நங்கூரம் பாறைல மாட்டிக்கிச்சு, கயித்துல எளக்கம் இல்ல. தண்ணி ஏற ஏற உங்க பின்பக்கத்த கீழ இழுத்துப் புடிச்சிருக்கு. அந்தத் திட்டுல கடல் சும்மா கிடந்து கிடந்து ஒரு தடவ பொங்கும், அது எனக்குத் தெரியும், அரை மணிக்கு ஒரு தடவ பொங்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இப்ப மணி பத்து பதினெட்டு. பயப்படாதீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. கத்திய எடுத்து நங்கூரக் கயித்த அறுத்து விட்டுட்டு வீட்டுக்கு வாங்க. நங்கூரம் போனாப் போகுது.

... என்ன முடியாது?

... என்ன கம்பி?

... அந்தத் தடிக் கம்பியா? நான் மடிச்சுக் குடுத்ததா? கயித்துக்குப் பதிலா அத நங்கூரத்துக்கா போட்டீங்க?... பாறைகிட்ட அறுபடக் கூடாததுக்கெல்லாம் கம்பி போடணும்னு... ஆமா. சொன்னேன். நான்தான் சொன்னேன். மீனுக்குச் சொன்னேன், மாப்ள, மீனுக்கு...

இல்ல இல்ல, உங்களத் திட்டல. சரி. வளையத்த எதுல மாட்டியிருக்கீங்க?... பின்னாடி, கயிறு கட்டற இரும்புக் குத்தில. அதத் தூக்கிக் கழட்ட முடியுதா?... ரெண்டு கையால இழுங்க... அசையலையா. ஆமா, அசையாது, படகோட பாரம் முழுக்க அதுலதான் இருக்கு. நசுக்கின குழாய் எங்கயாவது லூசா... இருக்காது. நானே நசுக்கினேன். எருமைய கட்டினாலும் கழலாதுன்னு பெருமையா வேற சொன்னேன்.

மெக்கானிக்! மெக்கானிக், வாங்க வந்த தங்கூசி நரம்ப வெச்சிட்டு இங்க வாங்க. நம்ம டெய்லர் பாறைத் திட்டுல மாட்டிக்கிட்டாரு, பின்பக்கமா நங்கூரம், படகு முழுகப் போகுது. உங்க போன்ல படகுத்துறைக்குச் சொல்லுங்க, இருக்கிற படகு கிளம்பட்டும்... மெதுவா பேசுங்க, சின்னவ உள்ள இருக்கா...

ஹலோ, இருக்கேன், இருக்கேன், எங்கயும் போகல. மெக்கானிக் இங்கதான் இருக்காரு. இஞ்சினப் போட்டு லேசா பின்னாடி வந்தா கம்பி தளரும், வளையத்தக் கழட்டிடலாங்கறாரு. இஞ்சின் கயித்த இழுத்துப் பாருங்க... இன்னொரு தடவ... அந்தப் பத்து மணி அலைல இஞ்சின் நனைஞ்சுதா? மெக்கானிக், இஞ்சின் மேல தண்ணி ஏறியிருக்காம்... ப்ளக்க கழட்டித் தொடைக்கணுமா? அதுக்கு எவ்வளவு நேரமாகும்?... அவருக்கு அது தெரியாது, மெக்கானிக், அவரு துணி தைக்கிறவரு!... படகு கிளம்பிடுச்சா? எத்தனை நிமிஷம்?... இருபதா?

... மாப்ள, படகு கிளம்பிடுச்சு. இந்தா வந்துடும். மணியா? மணியப் பாக்காதீங்க, நான் பாத்துக்கறேன். கட்டர் இருக்குல்ல, பச்சைக் கைப்புடி போட்ட கட்டர்? அந்தக் கம்பிய வெட்டத்தான் அது. தூண்டில் பெட்டில பாருங்க... நல்லாப் பாருங்க, அடியில... ஏன் இல்ல? காலைல எடுத்துக்கிட்டுத்தானே வந்தீங்க, இறுகலா இருக்குன்னு காட்டினீங்களே, நான் எண்ணெய் விட்டுத் தரேன்னு...

...

... ஆமா.

இருக்கு. தராசு பக்கத்துல இருக்கு. துணில சுத்தி வெச்சிருக்கேன்.

... இல்ல, நீங்க மறக்கல. நான்தான்.

... கத்திரிக்கோலா? துணி வெட்டற கத்திரில அந்தக் கம்பி... வெட்டுங்க, வெட்டிப் பாருங்க. முறுக்கின கம்பிதானே, ஒவ்வொரு இழையா வெட்டுங்க... எத்தனை போச்சு?... ரெண்டு. இன்னும் எத்தனை இருக்கு?... சரி... கத்திரி உடைஞ்சுதா? கைல பட்டுச்சா?... இருக்கட்டும், இருக்கட்டும், அத விடுங்க. இப்ப நான் சொல்றத மட்டும் கேளுங்க. ஐஸ் பெட்டி, வாளி, எல்லாத்தையும் முன்னாடி தள்ளுங்க. பாரம் பின்னாடி இருக்கக் கூடாது... தள்ளியாச்சா? பின்னாடி எவ்வளவு இருக்கு?... ஆறு விரல். பாத்தீங்களா, ரெண்டு விரல் ஏறிடுச்சு.

லைஃப் ஜாக்கெட் எங்க?... அது மேலயா உக்காந்திருந்தீங்க? ஐயோ, என் சாமி. எடுத்துப் போடுங்க. கால் வழியா இல்ல, தலை வழியா. பக்கிள் மூணையும் மாட்டுங்க. சத்தம் கேக்கணும் எனக்கு... ஒண்ணு... ரெண்டு... மூணாவது?... ஆங். இறுக்கி இழுங்க. நல்ல புள்ள.

... அவகிட்டயா? அவள எதுக்கு இப்ப? கரைக்கு வந்து நீங்களே பேசிக்கங்க... மாட்டேன், நான் சொல்ல மாட்டேன், அந்த மாதிரிப் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். அழாதீங்க.

மணி பத்து இருபத்தேழு. மாப்ள, படக விட்டு எறங்கிடுங்க... தண்ணிலதான். நீச்சல் தெரியலன்னா என்ன, ஜாக்கெட் தூக்கிப் புடிச்சுக்கும். முன்பக்கமா, மூக்கு வழியா எறங்கி, பலூன் போற பக்கம் மிதந்து போங்க. படகு கவுந்தா உங்க மேல விழக் கூடாது, தள்ளிப் போயிடணும். வர்ற படகு எடுத்துக்கும்... படகு போனாப் போகட்டும்! மரமும் ஆணியும்தானே அது!... சரி. சரி, ராஜா. போன சட்டைப் பையில வெச்சிட்டு, ரெண்டு காலையும் வெளிய போடுங்க... போட்டாச்சா?... ஆமா, குளிரத்தான் செய்யும். குதிக்க வேணாம், நழுவி விடுங்க. நான் சொன்னதும் நழுவணும், சரியா? ஒண்ணு...

... என்ன சத்தம் அது?

... மாப்ள, கிர்ருனு என்ன சத்தம்?... ரீலா?... இருக்கட்டும், ஓடட்டும். மாட்டினா மாட்டட்டும்... எவ்வளவு பெருசா இருந்தா என்ன? விடுங்க... காலை ஏன் உள்ள எடுக்குறீங்க? எடுக்காதீங்க! மாப்ள, மீனெல்லாம் வேணாம், நான் சும்மா கேலி பண்ணேன், அவளும் சும்மாதான் பண்ணா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்... தூண்டில் ராடத் தொடாதீங்க... டேய், ராட விடுடா! உன் காலுல விழறேன், விட்டுத் தொலைடா! நான் சொன்னதெல்லாம் கேட்டியேடா, இத ஒண்ணக் கேளுடா!

... ஹலோ... எதுக்கு எண்ணறீங்க, எத்தனை சுத்து நரம்பு ஓடுதுன்னா... மாப்ள, மணி பத்தரை, பின்னாடி திரும்பிப் பாருங்க... பின்னாடி... என்னது?...

ஹலோ... ஹலோ...

மெக்கானிக், அந்தப் படகு எங்க வந்திருக்குன்னு கேளுங்க... கேளுங்களேன்...

ஹலோ...

... வந்துட்டியா. நீலப் பெட்டி கிடைக்கலையா, சரி விடு... ஆமா, அவருதான் பேசினாரு. கட்டாயிடுச்சு... மீனா? மாட்டிச்சும்மா. பெருசாம்... சிரிக்காதடி... நான் ஒண்ணும் அழல... இதுவா? கட்டர். அவரோடதுதான். எண்ணெய் விட்டுத் தரேன்னு காலைல வாங்கி வெச்சேன், குடுக்க மறந்துட்டேன்.