பெரியப்பா மகன் வந்த ரயில்

காலை பத்து இருபதுக்கு, மண்சரிவால் கொழும்பு ரயில் தாமதம் என்று கண்டி நிலையத்தில் அறிவித்தார்கள். அதில் வரும் மகளுக்காக மேடையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தியாவுல இருந்து வர்றவரு நெசமாவே பெரியப்பா மகன்தானாண்ணே? குடும்பப் பேரே வேறயே.”

“அவருக்கு அவங்கப்பா பேரு, நமக்கு நம்மப்பா பேரு. எப்புடி ஒண்ணா இருக்கும்? நீதான் நம்ம பேரையே போட்டு மூணு வருசமா நெட்டுல தேடுன, லூசு.”

“தாத்தாவோட மரண சர்டிபிகேட்டை நெட்டுல போட்டதும் நான்தான்! அதுல தாத்தா பேரப் பாத்துத்தானே அவரு எழுதுனாரு.”

“அப்பாவும் படுக்கையில, அந்தக் காலத்துல இந்தியாவுக்குப் போயிட்ட அண்ணனோட புள்ளையக் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

ரயில் வந்தது. மகளின் கையைப் பற்றிக்கொண்டேன். அவள் பின்னால் இறங்கிய நரைத்த மனிதர் அந்த அண்ணனை உற்றுப் பார்த்தார்.

“அப்படியே எங்கப்பா மூஞ்சி. சித்தப்பா எங்க, தம்பி? மொதல்ல அங்க போவோம்.”