லாரியேறிய வைக்கோல்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர் அம்பலம் சேவுகப்பெருமாள் ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! தொழுவம் கூட்டி, மாடு குளிப்பாட்டி, பொங்கலும் பொங்கிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்தல் காலைப் பிடித்தபடி நிற்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதற்காக என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். வகுப்பில் ஆஜர் சொல்லவே எனக்குக் குரல் எழும்பியதில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பேசியாக வேண்டும். இன்று கொம்புக்கு வர்ணம் பூசிய எங்கள் மாடுகளை விற்றுவிட, என் அம்மா அக்கம்மாள் தரகரிடம் சொல்லிவிட்டார்.

ஏன் விற்கிறார்? மாடு கசந்ததா? மடி வற்றியதா? இல்லை. மாட்டுக்கு வைக்கோல் இல்லை!

நம் ஊர் வழக்கம் என்ன? நிலமுள்ளவர் வைக்கோல் மாடுள்ளவர் வீட்டுக்கு வரும். மாடுள்ளவர் வீட்டு எரு, ஆடி உழவுக்கு முன் நிலமுள்ளவர் வயலுக்குப் போகும். வயல் மாட்டை வளர்த்தது. மாடு வயலை வளர்த்தது. இரண்டும் சேர்ந்து நம்மை வளர்த்தன.

போன அறுவடையில் வைக்கோல் கட்டும் மிஷின் வந்தது. சுருட்டிச் சுருட்டி, கட்டுக் கட்டாக, லாரி லாரியாக, அத்தனையும் புதுவயல் ரோட்டில் போய்விட்டது. முத்துவீரன் மாமா வயல் வைக்கோலும் போனது. முன்வரிசையில்தான் இருக்கிறார். கோபிக்க வேண்டாம் மாமா, முழுவதும் கேளுங்கள்.

கோடையில் எங்கள் மாடுகள், கண்மாய்க்கரையில் சீமைக்கருவை முள்மரம் உதிர்த்த நெற்றைத் தின்று உயிர் பிழைத்தன. ஆடி பிறந்தது. மாமா வழக்கம்போல எரு கேட்டு வந்தார். அம்மா தலையிலிருந்த சாணிக்கூடையை இறக்காமலே கேட்டார்:

"வைக்கல லாரியில ஏத்திவிட்டுட்டு, எருவுக்கு எங்குட்டுண்ணே வந்தீக? லாரிக்காரருகிட்டப் போயிக் கேளுங்க."

"லாரி என்ன சாணியா போடுது, தங்கச்சி?"

அம்மா சிரித்துவிட்டார். சிரித்த வாயால் மறுக்க முடியுமா? டிராக்டர் நிறைய எரு போனது.

மழை விழுந்தது. நெல் முளைத்தது. நெல்லோடு கருவையும் முளைத்தது! மாட்டின் வயிற்றுக்குள் போன விதை சாகாமல் சாணியில் வந்து, மாமாவின் வயலெல்லாம் தலைநீட்டியது. ஒரு கைப்பிடிச் செடியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"எருவுன்னு சொல்லி முள்ளுக்காட்டையில்ல அள்ளிக் குடுத்திருக்க."

"வைக்கல விட்டிருந்தா வைக்கல் எருவா வந்திருக்கும்ணே. கருவையில விட்டீக, கருவை வந்திருக்கு."

சிரிக்கிறீர்கள். பிடுங்கிய கைகள் சிரிக்கவில்லை. மாமா வீடும் எங்கள் வீடும் சேர்ந்தே குனிந்து பிடுங்கினோம். இரண்டு வீட்டுக் கைகளிலும் முள்.

வைக்கோல் போனால் மாடு போகும். மாடு போனால் எரு போகும். எரு போனால் மண்ணின் ஈரம் போகும். அதன்பின் நாம் எங்கே போவோம்? ஏற்றிக்கொண்டு போன லாரி, எதையாவது திருப்பிக் கொண்டுவந்ததா?

பின்னாலிருந்து ஓர் அண்ணன், காசு வேண்டாமா என்கிறார். வேண்டும் அண்ணா. லாரியே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாடுள்ள வீடுகளுக்கு ஓராண்டுத் தீனி முதலில் இறங்கட்டும். மிச்சம் லாரியில் ஏறட்டும். வைக்கோல் வாங்கும் வீடு, எருவைக் குழியில் சூடேற மக்கவிட்டு, விதை செத்தபின் திருப்பித் தரட்டும். எந்த வீடு தவறினாலும் என்னைக் கேளுங்கள். நான் பதில் சொல்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தை நல்லபடி நடக்கட்டும். வணக்கம்.

ஐயா, மைக்கை இன்னும் சற்று விட்டுவையுங்கள். கேட்க வந்ததை நான் இன்னும் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டால் ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்போம். நாளைக்கு மிஷின் வயலில் இறங்கிவிடும். அதனால் பேர் சொல்லியே கேட்கிறேன். முத்துவீரன் மாமா, இந்த அறுவடை வைக்கோலை எங்கள் தொழுவத்தில் இறக்குவீகளா? இந்தச் சபைக்கு முன்னால், நீக முதல் ஆளா எந்திரிச்சுச் சொல்லுங்க, மாமா.