புது அழுகை

— இது அந்த அழுகை இல்லைங்க. நல்லாக் கேளுங்க. நெஞ்சுக் குழாயில கிருமி ஏறினப்போ அழுதாளே, அது முனகல். இது வேற.

— பொறு, பொறு. என்னையும் கொஞ்சம் கேக்க விடு.

— லிஃப்ட் போற சத்தத்தை வச்சே எங்க பழுதுன்னு சொல்ற ஆளு நீங்க. பெத்த பொண்ணு எதுக்கு அழறான்னு சொல்லத் தெரியலையா?

— லிஃப்ட்டு எல்லாம் ஒரே மாதிரிதான் முனகும்டி. இவ இந்த எட்டு மாசத்துல ஒரு தடவைகூட இப்படிக் கத்தினதில்ல.

— காய்ச்சல் இருக்கா பாருங்க. என் கை சில்லுன்னு இருக்கு, தொட்டா ஒண்ணும் தெரியல.

— இப்பத்தானே பாத்தேன்.

— இன்னொரு தடவை பாருங்க. கையைக் கழுவிட்டுத் தொடுங்க. முழங்கை வரைக்கும்.

— தெரியும், தெரியும். கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சுபோச்சு எனக்கு... இல்ல. காய்ச்சல் இல்ல.

— அப்போ தையல் விட்டிருக்கும்.

— உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?

— நல்லது நடந்து பழக்கமில்லையே, என்ன பண்றது? பொறந்த சூடு ஆறல, குடல் முறுக்கிக்கிச்சுன்னு தூக்கிட்டு ஓடினாங்க. முக்கால்வாசி கறுத்துப்போச்சுன்னு வெட்டி எடுத்துட்டாங்க. அன்னைலேர்ந்து நெஞ்சுல குழாய். ரத்தத்துலயே சாப்பாடு. இப்ப மிச்சம் இருந்த துண்டுலயும் கத்தி வச்சாச்சு.

— அதை நீளமாக்கத்தானே வச்சாங்க? டாக்டர் காகிதத்தைக் கத்தரிச்சுக் காட்டினாரே. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, மெதுவா இழுத்தா நீளமா வருதுன்னு. இதோ, இன்னும் சட்டைப் பையிலயே வச்சிருக்கேன்.

— காகிதத்துக்கு வலிக்காதுங்க.

— அது எனக்குத் தெரியாதா?

— இது கை குடுக்கலைன்னா அவர்கிட்ட வேற வழியில்லைன்னும் சொன்னாரு. அது உங்களுக்கு ஞாபகம் இல்ல.

— ஞாபகம் இல்லாமலா தூங்காம கிடக்கேன்? தையல் விட்டா வயிறு கல்லு மாதிரி ஆயிடும்னு சொன்னாங்கள்ல. தொட்டுப் பாரு.

— நான் மாட்டேன். நீங்க தொடுங்க.

— ...மெத்துன்னுதான் இருக்கு.

— நெஜமா? எனக்காகச் சொல்லலையே?

— சத்தியமாடி.

— பின்ன ஏங்க இப்படிக் கத்தறா? ரத்தத்துல சாப்பாடு ஏத்தற அந்தப் பையை இன்னைக்குக் கழட்டினாங்களே, அதான் காரணம். எனக்கு அப்பவே மனசு ஒப்பல.

— மூக்குக் குழாயில விடற பால் இப்ப உடம்புல ஒட்டுதாம். அதனால பகல்ல கொஞ்ச நேரம் பையை நிறுத்திப் பாக்கலாம்னாரு டாக்டர்.

— பாக்கலாம்னா? அவ என்ன பரீட்சையா எழுதறா? பொறந்ததுலேர்ந்து அந்தப் பை நின்னதே இல்ல. சர்க்கரை இறங்கிட்டா என்ன பண்ணுவீங்க?

— மணியை அழுத்து.

— அழுத்திட்டேன். சிஸ்டர் பக்கத்து ரூம்ல ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுட்டு இருக்காங்களாம்.

— கொடு இங்க, நான் தூக்கறேன். குழாயை மட்டும் நீ பிடிச்சுக்கோ. வா என் சிட்டு... ஏய். இங்க பாரு. வாயை என்னவோ பண்றா.

— என்ன பண்றா?

— சப்பு சப்புன்னு அசைக்கிறா. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பறா. கையைத் தூக்கி வாயில திணிக்கிறா.

— ஐயோ, வலிப்பா?

— தெரியலடி! என் சட்டைப் பையில கையை விட்டு... டாக்டர் குடுத்த காகிதத்தைக் கவ்வறா!

— பிடுங்குங்க, முழுங்கிடப் போறா! ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போனாலே முகத்தைத் திருப்பிக்கிற பொண்ணுங்க இவ. நினைவு தப்பிடுச்சு. திரும்பவும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இனிமே வெட்டறதுக்கு என்ன இருக்கு இவ வயித்துல?

— அழாதே. குழாயை விட்டுடாம கெட்டியாப் பிடி.

— பயமா இருக்குங்க.

— எனக்கும்தான். இப்படி நான் பயந்ததே இல்ல.

— சிஸ்டர்! சிஸ்டர்!

— வந்துட்டேன், வந்துட்டேன். குழந்தையைவிட உங்க சத்தம்தான் பெருசா இருக்கு. தள்ளுங்க சார், வெளிச்சத்தை மறைக்காதீங்க.

— வலிப்பு வந்திருக்கு சிஸ்டர். காகிதத்தையெல்லாம் கவ்வித் திங்கப் பாக்கறா. தையலும் விட்டிருக்கு. சர்க்கரையும்...

— ஒண்ணொண்ணா வாங்கம்மா. ஊர்ல இருக்கற வியாதி எல்லாத்தையும் இவ ஒருத்தி தலையிலயே கட்டாதீங்க. சார், காலைப் பிடிங்க, குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கறேன். இருடி தங்கம், முடிஞ்சுது... சர்க்கரை சரியா இருக்கு. வயிறும் நல்லா இருக்கு. குழாய் போட்ட இடம் சுத்தமா இருக்கு.

— எல்லாம் சரின்னா ஏன் சிஸ்டர் அடங்க மாட்டேங்கறா?

— கொஞ்சம் பேசாம இருங்க. கையுறை மாத்திட்டு வாயில விரலை வச்சுப் பாக்கறேன்... அம்மாடி! என்ன இழுப்பு இழுக்கறா!

— ஏன் சிரிக்கிறீங்க? சார், ஏன் சிரிக்கிறாங்க இவங்க?

— என்னைப் போய் சார்ங்கறியேடி, நான் உன் புருஷன். சிஸ்டர், எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. அவ தாங்க மாட்டா.

— ஒரு நிமிஷம் இருங்க, டாக்டருக்குப் போன் போடறேன்... ஆமா டாக்டர், அதேதான். காகிதத்தைத் திங்கப் பாத்தாளாம். வாய் வழியாவே குடுத்துப் பாக்கலாமா? கொஞ்சமா? சரிங்க டாக்டர்.

— என்ன சொன்னாரு? திரும்ப ஆபரேஷனா?

— இவதானேம்மா உங்களுக்கு மூத்தவ?

— ஆமா. இவ ஒருத்திதான்.

— அதான் உங்களுக்குத் தெரியல. இந்த அழுகையை நீங்க எங்க கேட்டிருக்கப் போறீங்க? ரத்தத்துல எந்நேரமும் சாப்பாடு ஓடினா இது வராது. பையை நிறுத்தினோம், வயிறு முழிச்சுக்கிச்சு. வியாதி இல்லம்மா. பசி.

— பசியா?

— பசியேதான். தச்ச குடல் வேலை கேக்குது.

— என்னங்க... இவளுக்குப் பசிக்குதாம்.

— கேட்டேன்டி. கேட்டுட்டுத்தான் நிக்கறேன்.

— சிஸ்டர்... பசிச்சா என்ன செய்யணும்?