மாமியாருக்குக் கிடைத்த இடம்

சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம். திருச்சியிலிருந்து தொட்டியம் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு மாமியாரும் மருமகளும் ஏறினார்கள். மருமகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள்.

"நீங்க உக்காருங்க அத்தை. உங்களுக்குத்தான் மாசம் கூட" என்றாள் மருமகள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மாமியார் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி, ஊருக்கே தமுக்கடிக்கணுமா?"

"அதை விடுங்க. இதுக்கு மேல ஒண்ணு பொறந்தா உங்க உசிருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மாமா வந்து சம்மதிச்சாத்தான் ஆபரேஷனாம். யாரு கேக்கறது?"

"அவரு எங்க வருவாரு? மருமக வர்ற ஆஸ்பத்திரிக்கு வர வெட்கமா இருக்குங்கறாரு."

"அந்த வெட்கம் மாமாவுக்கு அப்பவே வந்திருக்கலாம்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

"நீங்க கேக்காட்டி நானே கேக்கறேன் அத்தை."

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமனார்கிட்ட மருமக கேக்கற பேச்சா அது? நான் செத்துப் போனாலும் போறேன். நீ மட்டும் வாயைத் திறந்துடாதே, தாயி."

சிரித்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும்தான்.