வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்

அந்த நாற்காலி வேண்டாம், இப்படி ஜன்னல் பக்கம் வந்து உட்காருங்கள். அது பார்க்கத்தான் மெத்துமெத்தென்று இருக்கும். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதைத் தேடிப் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். நல்ல நாற்காலி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேடிப் போனால்தான் தெரியும்.

நீங்கள் வரலாற்றுத் துறையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் பல்கலைக்கழக மகளிர் சங்கத்தின் சேவை வரலாற்றை எழுதச் சொல்லி உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். போன தடவை வந்தபோது துணி சேகரிப்பு, பார்வையற்ற மாணவிகளுக்குப் பாடம் வாசிப்பது, படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் சொன்னேன். இன்றைக்கு நீங்கள் கேட்பது வேறு. பெரிய மேடம் நடக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தார் என்கிறார் எலும்பு டாக்டர். நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் என்கிறார்கள் எங்கள் உறுப்பினர்கள். இரண்டும் ஒட்டவில்லையே என்று நேராகக் கேட்டீர்கள். நானும் நேராகவே சொல்கிறேன். பதிவுக் கருவியை அணைக்க வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும்.

பெரிய மேடம்தான் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர். வேதியியல் பேராசிரியை. அவர் உள்ளே வந்தால் ஆய்வுக்கூடத்துக் குடுவைகூட நிமிர்ந்து நிற்கும் என்று மாணவிகள் கேலி பேசுவார்கள். சங்கத்துக்கு அவர் போட்ட முதல் விதி ஒன்று உண்டு. உதவி வேண்டுமா என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அந்த வேண்டாம் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாம் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். நான் மட்டும் இதை என் சமையலறையில் நின்று தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் தேர்வுப் பிரிவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டுநர். நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பெண்கள் கூடையும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

"வேண்டாங்க, நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றேன்.

"வேண்டாம்னுதான் சொல்வாங்க. நீங்க உள்ள கொண்டு வைங்க" என்றார் பெரிய மேடம், என்னைப் பார்த்து அல்ல, மற்ற இருவரையும் பார்த்து.

உள்ளே வந்தார்கள். எதில் என்ன குறைகிறது என்று பார்ப்பதற்காக என் அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார்கள். என் வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்கள் கொண்டுவந்தது எல்லாமே நல்ல சாமான்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருட ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மேடம் தன்னுடைய பழைய பச்சைக் கம்பளிக் கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டாரோ என்னவோ, "பாத்துப் போட்டுக்கோம்மா, தோள்பட்டைல தையல் விட்டிருக்கு" என்றார். அரங்கமே சிரித்தது. நல்ல மனசோடு சிரித்த சிரிப்புதான். எங்கள் தேர்வுப் பிரிவு முழுக்க நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. மறுநாளிலிருந்து எனக்குப் பச்சைக்கோட்டு என்று பெயர். "பச்சைக்கோட்டு, இந்தத் தாளை அடிச்சுக் குடு" என்பார்கள். கோடைக் காலத்திலும் அதே பெயர்தான். குளிர் வந்தால் எனக்கு அந்தக் கோட்டை விட்டால் வேறு இல்லை, அதனால் பெயர் பழசாகவே இல்லை.

வீட்டுக்காரர் அந்த வருடக் குளிரைத் தாண்டவில்லை. அதற்கு அப்புறம் என்னையே சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நானும் கண்ணும் கருத்துமாக உழைத்துச் செயலாளர் வரைக்கும் வந்தேன். ஆண்டு விழாவுக்கு யார் விருந்தினராக வந்தாலும் பெரிய மேடம் என் முதுகில் கை வைத்து, "இவதான் எங்க முதல் பயனாளி. இப்ப எப்படி இருக்கா பாருங்க" என்று அறிமுகப்படுத்துவார். செயலாளர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது.

சங்கத்தின் நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. பெரிய மேடம் தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரே தங்கை கடல் தாண்டி இருக்கிறாள். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து உறவுக்காரர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். தாழ்வாரத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"நாளைக்கே எழுப்பி நடக்க விடுங்க. வலிக்குதுன்னு கத்துவாங்க, விடாதீங்க. இந்த வயசுல படுத்தா படுத்ததுதான். கால் போயிடும், அப்புறம் நெஞ்சுல சளி கட்டும்" என்றார் டாக்டர். ஒழுங்காக நடந்து பழகினால் விழாவுக்கு அவரே மேடை ஏறலாம் என்றும் சொன்னார்.

நான் தலையாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கீழே காத்திருந்த உறுப்பினர்களிடம் போகிற வரைக்கும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை தானாக வந்தது. காலைத் தரையில் வைக்கவே கூடாதாம், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றேன். எல்லோரும் பாவம் பாவம் என்றார்கள். அங்கேயே முறை போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

அப்படிப் பார்த்துக்கொண்டோம் பாருங்கள், அந்த மாதிரி ஒரு சேவையை இந்தச் சங்கம் அதற்கு முன்னால் செய்ததில்லை. ஒரு துரும்பை எடுத்துப் போட அவரை விடவில்லை. தலை வாரிவிட்டோம், ஊட்டிவிட்டோம், தண்ணீர்க் குவளையைக்கூட வாயருகே பிடித்தோம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது என்று வாசலிலேயே அனுப்பிவைத்தேன். அவளுக்கும் வேலை மிச்சம்.

பெரிய மேடம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. "என்னை நடக்க விடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். இதெல்லாம் வேண்டாம்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நூலகர் இளகிய மனசுக்காரி, அவளுக்குத்தான் தாங்கவில்லை. "மேடம் இவ்வளவு கெஞ்சறாங்களே, ஒரு தடவை டாக்டரைக் கேட்டா என்ன?" என்று என்னை அறைக் கதவோரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வேண்டாம்னுதான் சொல்வாங்க" என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சேர்ந்த அன்றைக்கு அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே பெரிய மேடம்தான். கட்டிலில் இருந்தபடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் சுண்டிப் போயிற்று. புத்திசாலி அல்லவா, அந்த இடத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போர்வையைச் சரி செய்துவிட்டேன்.

பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். "எவ்வளவு சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க டாக்டர், நாங்க என்னதான் செய்யறது" என்று அங்கே நான் கண் கலங்கினேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே கலங்கியது. பெரிய மேடம், "இவதான் என்னை நடக்க விடமாட்டேங்கறா" என்று கத்தினார். டாக்டர் அவர் கன்னத்தைத் தட்டி, "சோம்பேறித்தனம் கூடாது பாட்டி. இப்படிப் பாத்துக்க ஆள் கிடைக்கறதே பெரிசு. அவங்க மேலயே பழியைப் போடலாமா?" என்றார். வேதியியலில் இரண்டு பாடப்புத்தகம் எழுதியவரைப் பாட்டி என்று யாராவது கூப்பிட்டு அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

வீடு துடைக்க வருகிற அக்கா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஏமாந்துவிட்டேன். ஒரு நாள் அவள் சந்தோஷமாக வந்து, "அம்மா இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் நடந்தாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். விழாவுக்கு மேடை ஏறணுமாம், உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க" என்றாள். வெள்ளை மனசு, வயிற்றில் எதுவும் தங்காது. நாங்கள் யாரும் இல்லாத வேளை பார்த்து இருவரும் பத்து நாளாகப் பழகியிருக்கிறார்கள். அவளுக்கு ஆசிரியர் விடுதியில் நல்ல வேலையாகப் பார்த்துச் சேர்த்துவிட்டேன். சங்கத்தின் சேவையில் அதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். கிளம்புகிற அன்று பெரிய மேடத்தின் நடைக் காலணிகளையும் அவளுக்கே கொடுத்தேன், சும்மாதானே கிடக்கின்றன. அளவும் சரியாக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாள், வாங்கிக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் விடைபெற வந்தபோது பெரிய மேடம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலியைத் தேடி வாங்கினேன். பகலெல்லாம் அதில் உட்கார வைத்தோம். கைப்பிடி தாழ்வு, மெத்தை ஆழம். எங்கே ஊன்றினாலும் உடம்பு உள்ளேதான் போகும். ஜன்னலைப் பார்த்தபடியே போட்டிருந்தோம், பொழுது போகட்டும் என்று. தங்கை தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் அக்கா இப்போதுதான் கண் அசந்தார் என்று சொன்னேன். முதலில் கொஞ்ச நாள் அவர் முண்டிப் பார்த்தார், பிறகு முண்டவில்லை. தொடை இரண்டும் கைத்தடி போல ஆகிவிட்டன. நான்தான் தினமும் எண்ணெய் தடவிவிட்டேன்.

விழா வந்தது. சக்கர நாற்காலியில் வைத்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். துணைவேந்தரின் மனைவி தலைமை. நாற்பது வருட சேவையின் நிறைவாக, நிறுவனரையே பயனாளியாகக் கௌரவிக்கிறோம் என்று அறிவித்தேன். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பெரிய மேடம் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நான் நடப்பேன், இவ என்னை" என்று ஆரம்பித்தார். குரல் உடைந்திருந்தது. அவருடைய மன உறுதியைப் பாராட்டி இன்னும் பலமாகத் தட்டினார்கள், மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தார். கொஞ்சம் எழுந்தும்விட்டார். நான் தோளில் கை வைத்து உட்கார வைத்தேன். உங்கள் புத்தகத்துக்கு அட்டைப்படமாக நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் படம் அதுதான். பார்க்கிறவர்களுக்கு நான் அணைத்துக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும்.

பிறகு அந்தப் பச்சைக் கோட்டை அவருக்குப் போட்டுவிட்டேன். "பாத்துப் போட்டுக்குங்க மேடம், தோள்பட்டைல தையல் விட்டிருக்கு" என்றேன். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதமே நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார். டாக்டர் சொன்னபடியேதான் நடந்தது, வரிசைகூட மாறவில்லை. டாக்டரும் பொய் சொல்லவில்லை, எங்கள் உறுப்பினர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சொல்லிவைத்தது நான். நடந்திருக்கக்கூடிய மனுஷி அவர், நான்தான் உட்கார வைத்தேன். உட்கார்ந்தால் செத்துப்போவார் என்று தெரிந்துதான் உட்கார வைத்தேன். இதை நீங்கள் வரலாற்றில் சேர்த்தாலும் சரி, போலீஸில் கொடுத்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தக் கோட்டு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டா இதையெல்லாம் செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். சின்னப் பெண் நீங்கள், அப்படித்தான் தோன்றும். அப்படிக் கறுவிக்கொண்டு கிடக்கிற ஜென்மம் இல்லை நான். விட்டுப்போயிருந்த அந்தத் தையலைக்கூட வாங்கிய வாரமே இரட்டை நூலில் நானே தைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு இழை விடவில்லை. விழா அன்று காலை உட்கார்ந்து பிளேடால் பிரிக்க வேண்டியிருந்தது. அதுவும், அவர் கொடுத்தது எப்படி இருந்ததோ அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை என்றுதான்.