அக்காவின் மாத்திரை

எங்கள் வீட்டில் டேப்லெட்டுக்கு மாத்திரை என்று பெயர். வைத்தவள் அக்கா. "மாத்திரைய சார்ஜ்ல போடுடா தம்பி" என்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் எங்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மாறி மாறிப் பார்ப்பார்கள். இலக்கணத்தில் மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம். திரையில் ஒரு பக்கம் புரளவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது. பொருத்தமான பெயர். நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், செயலாளர் அவர்களே. விஷயத்துக்கு வருகிறேன்.

நம் இசைக்குழுவுக்கு டேப்லெட் வந்தது என் யோசனையால்தான். அதற்கு முன்பிருந்த லட்சணம் உங்களுக்கு நினைவிருக்கும். தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கு நாலு கிளிப் மாட்டிக்கொண்டு, துணி காயப்போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடினால் பாட்டு நிற்கும். பாட்டு ஓட வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஒருமுறை செல்லோக்காரர் தாள் மாறிப்போய் வேறொரு பாட்டையே எட்டு நிமிடம் வாசித்தார். யாருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் அவர் கையைக் குலுக்கிப் பாராட்டியவர் நீங்கள்தான்.

எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து ஏற்றியவன் நான். பழையவற்றைக் கட்டி மறுசுழற்சிக்கு அனுப்பியவனும் நான். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வேலையை ஒருவன் தலையில் கட்டிவிட்டு, அப்படி ஒரு வேலை இருப்பதையே மறந்துபோவதில் நம் குழுவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அக்கா குழுவின் பியானோக் கலைஞர். நான் பக்கத்தில் நின்று அவளுக்குப் பக்கம் புரட்டுபவன். அவளுக்கு உடம்பு முடியாத நாளில் வாசிப்பவனும்கூட. அவளுக்கு உடம்பு முடியாமல் போனதே கிடையாது. மாத்திரையோடு ஒரு பெடலும் வந்தது. காலால் அழுத்தினால் பக்கம் புரளும். ஆக, என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்டவனைத்தான் சுயநலக்காரன் என்று வெளியே பேசிக்கொள்கிறீர்கள்.

ஆண்டு நிகழ்ச்சிக்கான ஒத்திகைகள் தொடங்கிய வாரம், தேநீர் இடைவேளையில், இந்த முறை தம்பி தனியாக ஏதாவது வாசிக்கட்டுமே என்று நடத்துநர் சொன்னார். பேருந்து நடத்துநர் அல்ல, நம்முடையவர். ஆனால் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்க்காமலே கிளப்பிவிடும் பழக்கம் இவருக்கும் உண்டு. அக்கா தேநீரை ஊதிக்கொண்டே, "அவனுக்குப் பக்கம் எங்க திரும்பணும்னு தெரியும் மாஸ்டர். பாட்டு எங்க திரும்புதுன்னுதான் தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தேன். ஒரு தகவலுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் அம்மா மறதி நோயில் போனார். கடைசி வருடம் அக்காவை "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு பயம். சாவியை வைத்த இடம் மறந்தாலே முகம் வெளுத்துவிடும். அவளுடைய இந்தப் பயம் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

ஷார்ப் என்பது ஸ்வரத்தை அரைப்படி தூக்கிவிடும் சின்னக் குறி. பார்ப்பதற்கு வேலித் துண்டு மாதிரி இருக்கும். வேலி பயிரை மேய்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வேலியை மேய்ந்தேன். அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து வாசித்து வரும் ஒரு பாட்டில், மூன்றாம் பக்கத்தில், ஒரே ஒரு ஷார்ப்பை அழித்தேன். விரல் பழக்கத்தில் அவள் சரியாகத்தான் வாசித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"தம்பி, இங்க ஷார்ப் இருந்துச்சுல்ல?"

"இல்லையேக்கா. எப்பவும் இப்படித்தானே."

சிரமப்பட்டு விரலை மாற்றிப் பழகினாள். அவள் பழகி முடித்த அன்று ஷார்ப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது அவள் வாசித்தது நிஜமாகவே தப்பு. அடுத்த வாரம் மறுபடி எடுத்தேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிக்க அவளிடம் தாள் இல்லை. என்னைத்தான் விசாரித்தாள்.

இசைக்காரர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. அச்சடித்ததைச் சந்தேகப்படுவார்கள், தாங்களே ஓரத்தில் கிறுக்கியதைச் சந்தேகப்படவே மாட்டார்கள். அக்கா திரைப் பேனாவால் "மெதுவா", "இங்க கவனம்" என்றெல்லாம் எழுதி வைப்பாள். அவற்றை வெட்டி, அவள் எழுதாத இடங்களில் ஒட்டினேன். தன் கையெழுத்தைப் பார்த்து, எப்போது எழுதினோம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலாவது நாள் யோசிப்பதை விட்டுவிட்டாள். எழுதியிருந்தபடி வாசித்தாள்.

மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து, ஒன்றுமில்லை என்றார். அம்மாவின் கதையைக் கேட்டபின் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு வீட்டில் மாத்திரை என்றால் எந்த மாத்திரை என்று கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அவள் விலகல் கடிதம் எழுதினாள். உங்களிடம் இருக்கும் அந்தக் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியவன் நான்தான்.

ஆண்டு நிகழ்ச்சியில் அதே பாட்டை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். வைத்து எடுத்து, எடுத்து வைத்து, அந்த இடத்தில் ஷார்ப் உண்டா இல்லையா என்பது எனக்கே குழம்பிவிட்டது. இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன். என் காதுக்கு இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அக்காவைக் கேட்டேன். அவள் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரல்களை ஓட்டி, "ஷார்ப்" என்றாள். உடனே கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ ஸ்க்ரீனப் பாத்து வாசி. என்ன நம்பாதடா."

திரையில் ஷார்ப் இல்லை. திரையை நம்பினேன்.

கூட்டம் கைதட்டியது; கூட்டம் எதற்கும் கைதட்டும். நடத்துநர் மட்டும் தட்டவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே இடத்தில் ஒரே தப்பு எப்படி வரும் என்று வீட்டுக்குப் போய்ப் பரணைக் குடைந்து, தன் பழைய தாளைத் தேடி எடுத்திருக்கிறார். அவர் வாழ்நாளில் பார்த்த ஒரே உருப்படியான வேலை அதுதான். எந்தத் தேதியில் எந்தக் குறியை யார் மாற்றினார்கள் என்பதை டேப்லெட்டே வரிசையாக ஒப்பித்துவிட்டது. அத்தனையும் நான்தான். மறுக்கவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நேற்று மாலை நானே சொல்லிவிட்டேன். அழித்தது, ஒட்டியது, ஒன்றையும் விடவில்லை. அவள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

இன்று காலை என் அறை வாசலில் வந்து நின்றாள். "தம்பி, நேத்து நீ ஏதோ சொன்னியே. நெஜமாவே சொன்னியா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

"நேத்து நாம பேசவே இல்லையேக்கா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு மருந்து டப்பாவைத் தேடிப் போனாள். உண்மையைச் சொல்லி ஒருத்தியை மறுபடி மறுபடி வதைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.