நான்காம் தட்டில் இருக்கும் பஸ் சாவி

பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தேழு. மருத்துவமனை ஸ்கேன் பிரிவில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். தன் பஸ் சாவியை நான் திருடிவிட்டதாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் கொடுத்த புகாரின் மீது விசாரித்தபோது சொல்வதாவது:

இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வேகத்தை முன்பு நாங்கள் கையால் அளப்போம். ஒருவருக்கு முப்பது படம், ஒவ்வொன்றிலும் ரத்தக் குழாயைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ஆறு மாதமாகக் கம்ப்யூட்டரே அதைப் பதினோரு நொடியில் செய்துவிடுகிறது. அதன் பிறகு படத்தை யாரும் திறப்பதே இல்லை.

படி ஏறினால் கண் இருட்டுகிறது என்று மேற்படி ஓட்டுநர் திங்கட்கிழமை வந்தார். ஸ்கேன் எடுத்தது நான்தான். மெஷின் அளக்கும் வேக வரம்பு நொடிக்கு ஒன்றரை மீட்டரில் இருந்தது, நான் கூட்டி வைக்கவில்லை. அது என் தவறு. ரத்தம் வரம்பைத் தாண்டிப் பாய்ந்தால், பின்னோக்கி ஓடுவதுபோல வெள்ளைக்கு நடுவே கறுப்பாகத் தெரியும். பார்த்த கண்ணுக்கு உடனே புரியும். கம்ப்யூட்டர் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வால்வில் லேசான சுருக்கம் என்று சொல்லிவிட்டது.

மறுநாள் மதியம் மனம் கேட்காமல் படத்தைத் திறந்தேன், கறுப்பு இருந்தது. சுருக்கம் லேசானதாக இருக்காது, வண்டி ஓட்டும்போதே அவர் மயங்கி விழலாம். அதன் பிறகு மென்பொருள் கம்பெனிக்கு போன் செய்தேன், புகார் எண் கொடுத்தார்கள். அதன் பிறகு பெரிய டாக்டரிடம் போனேன். "மெஷினே சரின்னு சொல்லிடுச்சு, உங்களுக்கு என்னம்மா பிரச்சினை? அவர் ஒத்துக்கிட்டா திரும்ப எடுங்க, ஆளை விடுங்க" என்றார். அதன் பிறகு கீழே ஓடினேன். பஸ் ஓட்டலாம் என்ற தகுதிச் சான்றிதழை வாங்க ஓட்டுநர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், வாசலில் மஞ்சள் பஸ் நின்றது. அரை மணி நேரம் வாருங்கள் என்று கெஞ்சினேன். "மூணு மணிக்குப் பிள்ளைங்களை ஏத்தணும், வழியை விடுங்க" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேஜையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

வேறு பஸ் வந்து பிள்ளைகள் நாற்பது நிமிடம் தாமதமாக வீடு சேர்ந்தார்கள். அதற்கு வருந்துகிறேன். எல்லோரும் வீடு சேர்ந்தார்கள்.

சாவி திருடு போகவில்லை. ஸ்கேனுக்கு வருபவர்களின் உலோகப் பொருள்களை வைக்கும் தட்டு, எண் நான்கில் இருக்கிறது. பதிவேட்டில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன். ஸ்கேன் முடிந்து இறங்கியதும் பொருளைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். வரம்பை ஐந்து மீட்டருக்கு வைத்துவிட்டுத்தான் வந்தேன். இந்த ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு படிகள். அவர் ஏறி வந்து முக்கால் மணி நேரமாகிறது, வெளியே பெஞ்சில் இன்னும் மூச்சு வாங்குகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)